ஒற்றைப் பிரதியை நம்பலாமா?

“குடும்பத்துப் படங்களையெல்லாம் எதில் போட்டு வைத்தால் என்றைக்கும் அழியாமல் இருக்கும்?” இந்தக் கேள்வி இப்போது நம் வீடுகளில் அடிக்கடி எழுகின்றது. கேட்பவர் ஒரு பொருளின் பெயரையே விடையாக எதிர்பார்க்கின்றார். இன்ன கம்பெனியின் ஹார்டு டிஸ்க், இன்ன பென் டிரைவ், அல்லது ‘கூகுளில் ஏற்றிவிடுங்கள்’ என்னும் ஒரு சொல். கடைக்காரரும் அப்படி ஒரு பெயரைச் சொல்லி அனுப்பிவிடுகின்றார். வாங்கி வந்தவர் இருபதாண்டுப் படங்களை அதில் நிரப்பிப் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டு, பெருங்கடமை ஒன்றை முடித்துவிட்ட நிம்மதி அடைகின்றார். அந்த நிம்மதியைத்தான் நாம் இங்கே மறுக்க வந்துள்ளோம். கேள்வியே பிழை. படைக்கப்பட்ட பொருள்களில் அழியாதது ஒன்றுமில்லை என்பதை நம் பிள்ளைகள் மக்தபிலேயே படித்துவிடுகின்றனர். பெரியவர்கள்தாம் கடைத்தெருவில் அதை மறந்துவிடுகின்றனர்.

படம் எடுப்பது கூடுமா கூடாதா என்னும் மஸ்அலாவை இங்கே கிளப்ப நமக்கு எண்ணமில்லை. கூடாது என வாதிடும் ஹழ்ரத்மாரின் ஹஜ் பாஸ்போர்ட்டிலும் படம் ஒட்டியே இருக்கின்றது. படங்கள் வீட்டுக்கு வீடு வந்துவிட்டன. அவற்றுள் சில, அக்குடும்பம் இன்னாருடையது என்பதற்கு எஞ்சியிருக்கும் ஒரே சான்றாகவும் ஆகிவிட்டன. பேச வேண்டியது அதைப் பற்றியே.

திருநின்றவூரை எடுத்துக்கொள்வோம். அம்பத்தூர்த் தொழிற்பேட்டையும் ஆவடித் தொழிற்சாலைகளும், திருவள்ளூர் கும்மிடிப்பூண்டிப் பக்கத்து ஆலைகளும் வேலைக்கு அழைத்து வந்த குடும்பங்கள், அரக்கோணம் செல்லும் இரயில் பாதையை ஒட்டி மனை வாங்கி வீடு கட்டிக்கொண்ட ஊர் இது. இங்கே தந்தையை வாப்பா என்பாரும் உண்டு, அத்தா என்பாரும் உண்டு. பூர்வீகம் வேறு வேறு. ஊரைவிட்டு வந்தவர்களின் வேர் பெரும்பாலும் ஒரு தகரப் பெட்டிக்குள்தான் இருக்கின்றது. அதில் ரங்கூன் ஸ்டூடியோ ஒன்றில் எடுத்த படம் இருக்கும். 1973 வரை சென்னையிலிருந்தும் நாகப்பட்டினத்திலிருந்தும் பினாங்குக்கு ஓடிய ரஜூலா கப்பலில் ஏறப்போகும் பாட்டனார், புதுச் சட்டையோடு நிற்கும் படம் இருக்கும். அரபுத் தமிழில் எழுதிய கடிதம் ஒன்று மடிப்பில் கிழிந்து கிடக்கும். வீடு விற்றுப்போயிற்று, ஊரில் பேச்சுவார்த்தை அற்றுப்போயிற்று என்னும் குடும்பங்களுக்கு, இந்தப் பெட்டியை விட்டால் முன்னோர் இல்லை.

இப்போது அந்தப் பெட்டியைக் கைப்பேசியால் படம் பிடித்துவிட்டு, “இனி இந்தக் குப்பை எதற்கு? எல்லாம் போனில் ஏறிவிட்டது” என்று மூலத்தைக் காயலான் கடையில் போடும் வழக்கம் பரவி வருகின்றது. (காயல்பட்டினத்தார் அக்கடையின் பெயருக்காக நம்மைக் கோபிக்க வேண்டா.) போனில் ஏறியது படமன்று, படத்தின் படம். அதிலும் குழல்விளக்கின் ஒளி பட்டு, ஓரம் வெட்டுண்டு, பின்புறத்து எழுத்து விடுபட்டு ஏறிய படம். பிறகு அதை வாட்ஸ்அப்பில் அனுப்புகின்றனர். அது படத்தைச் சுருக்கி, எடுத்த நாளையும் நேரத்தையும் கழற்றிவிட்டுத்தான் மறுமுனையில் கொடுக்கின்றது. ‘ஃபேமிலி குரூப்பில் இருக்கிறது’ என்பவர் எதை இருக்கிறது என்கிறார்?

மூலத்தை வீசிவிட்டவர் அடுத்து நம்புவது ஒரு பொருளை. அந்தப் பொருள்களின் இயல்பைச் சற்றுப் பார்ப்போம்.

பென் டிரைவ், மெமரி கார்டு, எஸ்.எஸ்.டி. ஆகியவற்றில் பதிவு என்பது நுண்ணிய அறைகளுள் அடைபட்ட மின்னூட்டமே. மின்சாரம் காணாமல் ஆண்டுக்கணக்கில் கிடந்தால் அது மெல்லக் கசியும்; வெப்பம் அக்கசிவை விரைவாக்கும். வீட்டுப் பயன்பாட்டுக்குரிய எஸ்.எஸ்.டி. ஒன்று, தன் எழுதும் ஆயுளைச் செலவிட்டு முடித்த நிலையில், 30 பாகை வெப்பத்தில், மின்சாரமின்றி ஓராண்டு பதிவைக் காத்தால் போதும் என்பதே ஜெடெக் என்னும் தர அமைப்பு வகுத்த அளவு. புதிய சாதனம் இதனினும் நெடுநாள் தாங்கும், மறுக்கவில்லை. ஆனால் கத்திரி வெயிலில் 40 பாகையைத் தாண்டும் நம் மாவட்டத்தில், ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே பரண்மேல் கிடக்கும் மலிவுப் பென் டிரைவைப் பேரப்பிள்ளைக்கான சொத்து என்று எண்ணுவது நகைப்புக்குரியது.

ஹார்டு டிஸ்க் சற்று மேல். ஒரு டெராபைட் வட்டில் நான்கு மெகாபைட் அளவுள்ள படங்கள் இரண்டரை இலட்சம் அடங்கும். ஆயினும் அது சுழலும் தட்டும், அதன்மேல் தலைமயிரின் பருமனில் பல்லாயிரத்தில் ஒரு பங்கு உயரத்தில் மிதக்கும் முனையும் கொண்ட இயந்திரம். கட்டிலிலிருந்து ஒருமுறை விழுந்தால் முடிந்தது. பேக்பிளேஸ் என்னும் அமெரிக்க நிறுவனம், தன்னிடம் ஓடும் இலட்சக்கணக்கான ஹார்டு டிஸ்க்குகளின் 2013 முதலான கணக்கை வெளியிட்டு வருகின்றது. குளிரூட்டிய அறையில் ஆட்கள் கண்காணிக்கும் நிலையிலேயே, ஆண்டுதோறும் நூற்றுக்கு ஒன்று, இரண்டு பழுதாகின்றன. நூற்றில் ஒன்றுதானே என்பீர்கள். உங்களிடம் நூறு இல்லை, ஒன்றுதான் இருக்கின்றது. 2011-இல் தாய்லாந்து வெள்ளம் வெஸ்டர்ன் டிஜிட்டலின் ஆலைக்குள் புகுந்தபோது உலகெங்கும் ஹார்டு டிஸ்க் விலை ஏறியது. வட்டைச் செய்யும் ஆலையே தண்ணீருக்குத் தப்பவில்லை என்றால், 2015 டிசம்பரையும் 2023 டிசம்பரின் மிக்ஜாம் புயலையும் கண்ட நாம், அதைப் பீரோவின் கீழ்த்தட்டில் வைத்துவிட்டு உறங்குவது எந்தத் துணிவில்?

குறுந்தட்டைச் சொல்வோரும் உளர். ஆயிரம் ஆண்டு நிற்கும் என்று விளம்பரம் செய்யப்பட்ட எம்-டிஸ்க் என்னும் தட்டும் உண்டு. தட்டு நிற்கட்டும், அதைப் படிக்கும் கருவி எங்கே? இன்று விற்கும் மடிக்கணினி பெரும்பாலானவற்றில் தட்டுச் செருகும் வாயே இல்லை. நம் நாட்டில் குறுந்தட்டுச் செய்து உலகுக்கு விற்ற மோசர் பேயர் நிறுவனம் 2018-இல் கலைப்புக்கு ஆளாயிற்று. இங்கிலாந்தில் 1086-இல் வில்லியம் மன்னர் எடுத்த நிலக்கணக்கு தோலில் எழுதப்பட்டது, இன்றும் படிக்கின்றனர். அதன் 900-ஆம் ஆண்டு நினைவாக 1986-இல் பி.பி.சி. நிறுவனம் நாட்டு மக்களின் வாழ்க்கையை லேசர் தட்டில் பதிந்தது. பதினைந்தாண்டு கழிவதற்குள் அதைப் படிக்கும் கருவிகள் அருகிப்போய், ஆய்வாளர்கள் பெரும்பாடுபட்டு மீட்க வேண்டியதாயிற்று. ஓலையும் தோலும் கவனிப்பாரற்றுக் கிடந்தும் நூறு, இருநூறு ஆண்டு பொறுத்தன. இந்தப் புதிய பொருள்களுக்கு அந்தப் பொறுமை இல்லை. ஐந்தாறு ஆண்டுக்கு ஒருமுறை யாராவது எடுத்துப் பார்த்து வேறொன்றுக்கு மாற்றாவிட்டால் அவை வாய் திறப்பதில்லை.

“இதெல்லாம் பழங்கதை. இப்போது கிளவுடில் வைக்கிறோம்” என்று இளைஞர்கள் சொல்கின்றனர். கிளவுடு என்பது வானத்தில் இல்லை. அது வேறொருவருடைய கட்டடத்தில், வேறொருவருடைய நிபந்தனைக்கு உட்பட்டு ஓடும் அதே ஹார்டு டிஸ்க். ஆர்குட்டில் படம் போட்டு மகிழ்ந்த தலைமுறை நம் நடுவிலேயே இருக்கின்றது. 2014 செப்டம்பர் 30-ஆம் நாளோடு அது மூடப்பட்டது. கூகுள் போட்டோஸ் எல்லையற்ற இலவச இடத்தை 2021 ஜூன் 1-ஆம் நாளோடு நிறுத்திற்று. இரண்டாண்டுகள் தொடாமல் விட்ட கணக்குகளை நீக்கும் விதியை அந்நிறுவனம் 2023 டிசம்பர் முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. தென் கொரியாவின் தேஜோன் நகரில் 2025 செப்டம்பர் 26 அன்று அரசின் தகவல் மையத்தில் பாட்டரியிலிருந்து தீப்பற்றியது. அரசு அலுவலர்கள் கோப்புகளை வைத்திருந்த 858 டெராபைட் சேமிப்பு மறுபிரதி இல்லாமையால் அழிந்தது. கொரிய அரசாங்கத்துக்கே ஒற்றைப் பிரதி உதவவில்லை.

இன்னொரு மயக்கமும் உண்டு. கைப்பேசியும் கிளவுடும் ஒன்றையொன்று ஒத்துக்கொண்டே இருப்பதை இரண்டு பிரதி என்று எண்ணுகின்றனர். பேரன் விளையாட்டாகக் கூகுள் போட்டோஸில் அழித்த படம் அங்கும் அழிகின்றது. குப்பைக் கூடையில் 60 நாள் கிடக்கும். அதற்குள் எவரும் பார்க்காவிட்டால் போயிற்று. ஒன்று அழிந்தால் மற்றதும் அழியும் இரண்டு, இரண்டல்ல.

இவ்விடத்தில் நம் பெண்மக்கள் கேட்கும் கேள்வி ஒன்றை மதிப்போடு எடுத்துக்கொள்ள வேண்டும். “வீட்டுப் பெண்களின் படத்தை முகமறியாத கம்பெனிக்காரனிடம் கொடுப்பதா?” இது பத்தாம்பசலிக் கேள்வியன்று, அமானிதம் பற்றிய கேள்வி. விரும்பாதவர் கிளவுடை விட்டுவிடலாம். கடவுச்சொல்லிட்டுப் பூட்டிய ஹார்டு டிஸ்க் ஒன்றை வேறூரில் உள்ள சகோதரி வீட்டில் வைத்தால் அதே பயன் கிட்டும். ஆனால் இக்கேள்வியை முன்வைத்து ஒற்றைப் பிரதியோடு இருந்துவிடுவதற்கு நியாயமில்லை.

பொருளை நம்பாதே என்றால் பின் எதை நம்புவது? இதற்கு விடை தேடி நம் சமுதாயம் அமெரிக்காவுக்குப் போக வேண்டியதில்லை. பாதுகாத்தல் என்பதை ஒரு கலையாகவே வளர்த்த சமுதாயம் இது. யமாமாப் போரில் குர்ஆனை மனனம் செய்த தோழர்கள் பலர் ஷஹீதானபோது, உமர் (ரலி) அவர்கள் கலக்கமுற்று அபூபக்ர் (ரலி) அவர்களிடம் வற்புறுத்தியதும், ஸைத் இப்னு ஸாபித் (ரலி) அவர்கள் ஓலை, எலும்பு, தோல் என்று சிதறிக் கிடந்தவற்றையும் மனிதர் நெஞ்சில் இருந்தவற்றையும் ஒன்றோடொன்று சரிபார்த்துத் திரட்டியதும் யாவரும் அறிந்தவை. பின்னர் உஸ்மான் (ரலி) அவர்கள் என்ன செய்தார்கள்? மிக உறுதியான தோல் ஒன்றைத் தேடி அதில் எழுதிப் பெட்டியில் பூட்டினார்களா? படிகள் எடுக்கச் செய்து, ஒன்றை மதீனாவில் நிறுத்திக்கொண்டு, கூஃபா, பஸரா, ஷாம் முதலிய இடங்களுக்கு ஒவ்வொன்றாக அனுப்பிவைத்தார்கள். இறைவேதத்தைக் குடும்பப் படத்தோடு ஒப்பிடுவதாக எவரும் எண்ண வேண்டா. அவர்கள் கைக்கொண்ட முறையையே சுட்டுகின்றோம். இன்று நிழற்படக்காரர்கள் ‘மூன்று, இரண்டு, ஒன்று’ என்று ஒரு விதியைப் பேசுகின்றனர். பீட்டர் க்ரோ என்னும் அமெரிக்கர் தம் நூலின் வழியே பரப்பியது. மூன்று பிரதி, இரண்டு வகைப் பொருள், ஒன்று வெளியூரில். பதின்மூன்று நூற்றாண்டுக்கும் முந்தைய செயலை நினைவில் வைத்திருப்பவருக்கு இதில் புதுமை என்ன?

படி எடுத்தால் மட்டும் போதுமா? போதாது என்பதையும் முஹத்திஸ்கள் சொல்லிவைத்தனர். உர்வா இப்னு ஸுபைர் தம் மகன் ஹிஷாமிடம், எழுதியதை மூலத்தோடு ஒப்பிட்டாயா என்று கேட்டு, இல்லை என்றதும், அப்படியானால் நீ எழுதவே இல்லை என்ற கருத்தில் கடிந்ததாகச் செய்தி உண்டு. இந்த ஒப்பு நோக்குதலுக்கு முகாபலா என்று பெயர். ஹதீஸ் ஏடுகளில் ஒவ்வொரு ஹதீஸின் முடிவிலும் சிறு வட்டம் ஒன்று இட்டு அதை வெறுமையாக விட்டுவைப்பதும், மூலத்தோடு ஒப்பிட்டு முடித்தபின் அவ்வட்டத்துக்குள் ஒரு புள்ளி வைப்பதும் அவர்கள் கண்ட முறை. புள்ளியில்லாத வட்டத்தைக் கண்டால், இது இன்னும் நம்பத்தக்கதன்று என்று படிப்பவன் அறிந்துகொள்வான். கணினியிலும் இதற்கு நிகரான ஒன்று இருக்கின்றது. ஷா-256 என்னும் கணக்கு, ஒரு கோப்பு முழுவதையும் எண்ணிப் பார்த்து 64 எழுத்தாலான முத்திரை ஒன்றைத் தரும். கோப்பில் ஒரு துணுக்கு மாறினாலும் முத்திரை அடியோடு மாறிவிடும். இலவச மென்பொருள்களே இதைச் செய்கின்றன. வீட்டில் கணினி படித்த பிள்ளைக்கு அரை மணி நேர வேலை. பிரதி எடுத்தோம் என்று சொல்வோரில் எத்தனை பேர் அதைத் திறந்து பார்த்தனர்? அவர்களுடைய வட்டங்களில் புள்ளி இல்லை.

ஹதீஸ் கலையிலிருந்து இன்னொரு சொல்லையும் கடன் வாங்குவோம். ஆசிரியரிடம் கேளாமல், அவர் அனுமதியும் பெறாமல், அவர் கையெழுத்தில் ஓர் ஏட்டைக் கண்டெடுத்து அதிலிருந்து அறிவிப்பதை விஜாதா என்பர். அதன் தரம் தாழ்ந்தது, தொடர் அறுந்தது. இன்று ஹார்டு டிஸ்க்குகளில் குவிந்திருக்கும் ‘ஐ.எம்.ஜி. 4471’, ‘ஐ.எம்.ஜி. 4472’ என்னும் பல்லாயிரம் படங்கள் நாளை நம் பேரப்பிள்ளைகளுக்கு விஜாதாவாகவே கிடைக்கும். துணுக்கு ஒன்றும் பிசகாமல் படம் இருக்கும். அதில் நிற்பவர் யார் என்று சொல்ல ஆள் இருக்காது. பெயரற்ற படத்தை ஆயிரம் ஆண்டு காத்து என்ன பயன்?

நம் இலக்கியம் இதற்குக் கொடுத்த விலை சிறிதன்று. தமிழில் முஸ்லிம்களின் முதல் இலக்கியம் என்று நாம் பெருமையோடு குறிப்பிடும் பல்சந்தமாலை முழுதாக நமக்குக் கிடைக்கவில்லை. களவியற்காரிகையின் உரைகாரர் மேற்கோளாக எடுத்தாண்ட எட்டுப் பாடல்களே மிஞ்சின. ஏடு அழிந்தது, இன்னொருவர் தம் நூலில் எழுதிக்கொண்ட பகுதி பிழைத்தது. 1981-இல் யாழ்ப்பாண நூலகத்தை எரித்தபோது சாம்பலான ஏறத்தாழ 97,000 நூல்களுள் வேறெங்கும் படியுள்ளவற்றை மீண்டும் வாங்கினர். படியில்லாத ஓலைகளை எங்கே போய் வாங்குவது? அந்த வடு மாறாத மக்களிடமிருந்துதான் 2005-இல் ‘நூலகம்’ என்னும் இணைய நூலகம் பிறந்தது. கோட்டையூர் ரோஜா முத்தையாவின் தொகுப்பும், அவர் மறைவுக்குப் பின் 1994-இல் சென்னையில் நூலகமாக உருப்பெற்று, நுண்படச் சுருளில் படியெடுக்கப்பட்டதனால்தான் இன்று பலருக்கும் பயன்படுகின்றது.

“எல்லாம் அல்லாஹ்வின் நாட்டம். இருப்பது இருக்கும், போவது போகும்” என்று ஆறுதல் சொல்லும் பெரியவர்களுக்கு ஒரு வார்த்தை. ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்குமாறு பணித்த நபிமொழியை அவர்களே நமக்கு ஓதிக்கொடுத்தனர். கட்டாமல் விட்டவருக்குத் தவக்குல் என்னும் சொல்லை எடுக்க உரிமையில்லை. ஜமாஅத் நிர்வாகிகளுக்கும் இது பொருந்தும். 2025 ஜூனில் ஒன்றிய அரசு ‘உமீத்’ தளத்தைத் தொடங்கியபின், வக்ஃபுப் பத்திரங்களைத் தேடி ஸ்கேன் செய்ய மஹல்லாக்கள் ஓடின. நல்லது. ஸ்கேன் செய்த மூலப் பத்திரம் இப்போது எங்கே இருக்கின்றது என்று அடுத்த கூட்டத்தில் யாராவது எழுந்து கேட்கட்டும். நிக்காஹ் தஃப்தரின் நகல் ஒரே பென் டிரைவில், அதுவும் செயலாளரின் சட்டைப் பையில் இருக்கும் மஹல்லாக்களும் உண்டு.

ஆகவே வீட்டில் செய்யத்தக்கது இது. இருவேறு கம்பெனியின் ஹார்டு டிஸ்க் இரண்டு வாங்குக. ஒரே நாளில் ஒரே கடையில் வாங்க வேண்டா. ஒன்று வீட்டில், தரையிலிருந்து உயரத்தில் இருக்கட்டும். மற்றொன்று வெளியூரில். திருநின்றவூரில் இருப்பவர் அதை ஆவடியில் உள்ள மைத்துனரிடம் கொடுப்பதை வெளியூர் என்று நாம் ஒப்பமாட்டோம். ஒரே மழையில் இரண்டும் நனையும். திருச்சியோ மதுரையோ நல்லது. மூன்றாவதாகக் கிளவுடு, விரும்புவோருக்கு. விரும்பாதார் மூன்றாவது பிரதியைக் காகிதத்தில் வைக்கட்டும். ஆண்டுக்கு ஒருமுறை, ஷஅபான் மாதத்தில் வீடு துடைக்கும்போது என்று வைத்துக்கொண்டால் மறக்காது, வட்டை எடுத்துக் கணினியில் இணைத்து, படங்களைத் திறந்து பார்த்து, ஒப்பு நோக்கிய தேதியை அதன்மேல் ஒட்டிய தாளில் குறிக்க வேண்டும். ஐந்தாண்டு கடந்ததும் பழுதாகாவிட்டாலும் புதிய வட்டுக்கு மாற்ற வேண்டும். செலவுதான். ஒரு வலீமா விருந்தின் தால்ச்சாச் செலவுக்குக் கூட ஈடாகாத செலவு.

குடும்பத்தில் இதற்கென ஒருவரை நியமிப்பதும் இன்றியமையாதது. வாப்பா மௌத்தானபின் அவருடைய சிம் கார்டு செயலிழந்து, அந்த எண் வேறொருவருக்குப் போய், கணக்கைத் திறக்கும் ஓ.டி.பி. அந்த அந்நியருக்குச் சென்றுகொண்டிருக்க, கதவுக்கு வெளியே நிற்கும் பிள்ளைகளைக் காண்கின்றோம். கணக்கு செயலற்றுப் போனால் யாரிடம் ஒப்படைப்பது என்று முன்கூட்டியே பெயர் கொடுக்கக் கூகுளில் வழியுண்டு. ஆப்பிளிலும் 2021 டிசம்பர் முதல் உண்டு. கடனையும் அமானிதத்தையும் வஸிய்யத்தில் எழுதுகின்ற நாம், கடவுச்சொல் எந்தக் குறிப்பேட்டில் உள்ளது என்பதையும் அதில் ஒரு வரியாகச் சேர்த்தால் என்ன?

தகரப் பெட்டியில் உள்ள மூலங்களை வீசக்கூடாது. பசை தடவிய பக்கங்கள் கொண்ட ஆல்பத்தில் ஒட்டவும் கூடாது. அது படத்தைத் தின்றுவிடும். உலர்ந்த இடத்தில், வெயில் படாமல், காகித உறையில் வைத்தாலே போதும். பல்லாயிரத்தில் ஐம்பதோ நூறோ தேர்ந்து, ஸ்டூடியோவில் நல்ல தாளில் பிரதி போட்டு அதே பெட்டியில் சேர்த்துவிடலாம். அவற்றைப் பார்க்கக் கண் போதும், கருவி வேண்டா. ரங்கூன் படத்தில் இடப்புறம் நிற்பவர் யார் என்று சொல்லக்கூடியவர் இன்று வீட்டில் ஒருவரோ இருவரோ இருப்பர், எண்பதைக் கடந்திருப்பர். வருகின்ற பெருநாள் விடுமுறையில் அவர் பக்கத்தில் அமர்ந்து, பெயர், ஊர், உறவு முறை மூன்றையும் கேட்டு அந்தந்தப் படத்தின் பின்புறம் எழுதிக்கொள்ளலாம். மென்மையான பென்சிலால் எழுதுக. பேனா வேண்டா, மை ஊறி முகத்துக்கு வந்துவிடும்.